சிகாகோவிலிருந்து மக்காவுக்கு ஒரு நூல்

12.1.86, ஞாயிறு
சிகாகோவில் படிக்கும் தம்பி ஹனீபின் கடிதம் வந்தது, வீட்டில் பூகம்பம். அங்கே வடகிழக்கைப் பார்த்துத் தொழுகிறானாம். வாப்பா தோல் வெட்டும் இரும்பு ஸ்கேலை எடுத்து, சுவரிலிருந்த உலகப் படத்தில் வைத்தார். “மக்கா கிழக்க, கொஞ்சம் தெக்க சாஞ்சு கெடக்கு. இவன் வடக்க பாக்கானாம்! தொழுற திசை தெரியாதவனுக்கு இங்க என்ன வேலை? மே மாசம் வர வேண்டாம்னு எழுதிரு, ராபியா.”

எழுதவில்லை. ஆனால் ஸ்கேல் சொன்னதுதான் எனக்கும் சரியென்று பட்டது. ஒன்பது வருஷக் கணக்கு டீச்சர் ஆயிற்றே!

14.1.86
“எழுதிட்டியா?” “இல்ல வாப்பா.”

19.1.86
பம்பாய் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய வடிவியல் புத்தகம் ஒன்று கிடைத்தது. யூக்ளிடின் இணைகோட்டு விதியை நிரூபிக்க இரண்டாயிரம் வருஷம் முட்டி மோதியிருக்கிறார்கள். ஹங்கேரியில் ஒரு அப்பா, ‘என் வாழ்க்கையே இதில் பாழாச்சு, நீ தொடாதே’ என்கிற மாதிரி மகனுக்குக் கடிதம் எழுதினாராம். மகன் கேட்டானா? அந்த விதியே இல்லாமல் புது வடிவியலைக் கட்டிவிட்டான்! எல்லா ஊர் வாப்பாக்களும் இப்படித்தானா?

22.1.86
புத்தகத்தில் அடுத்த பாடம், உருண்டையின் வடிவியல். பள்ளிக்கூட உலக உருண்டையில் வடதுருவத்திலிருந்து ஒன்றுக்கொன்று செங்கோணமாக இரண்டு கோடுகளை நிலநடுக்கோட்டுக்கு இறக்கினேன். கீழே இரண்டும் செங்கோணம். மேலேயும் செங்கோணம். ஒரே முக்கோணத்தில் மொத்தம் 270! ‘நூற்றெண்பது, நூற்றெண்பது’ என்று பிள்ளைகளைக் கத்தவைத்தேனே, அது தட்டைப் பலகையில் மட்டும்தானா? அப்போ உருண்டையில் நேர்கோடு எது? இழுத்துப் பிடித்த நூல்தானே?

அப்போ — ஹனீப்?

23.1.86
உருண்டையைப் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிக்கொண்டு நேரே வாப்பாவின் பட்டறைக்கு ஓடினேன். வாதம் பண்ணவில்லை. மெழுகு நூலைக் கையில் கொடுத்து, “நீங்களே இழுத்துப் பிடிங்க வாப்பா” என்றேன். நூல் சிகாகோவில் வடகிழக்கே கிளம்பி, கடல் தாண்டி, ஐரோப்பா மேலாக மக்காவில் இறங்கியது. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது!

வாப்பா விடவில்லை. ஸ்கேல் காட்டிய வழியில் இன்னொரு நூலை ஒட்டி அளந்தார். ஸ்கேல் வழி ஒரு விரல் கூடுதல். மறுபடி அளந்தார். அதேதான். முப்பது வருஷம் தோல் தைத்த கை, நூலிடம் வம்பு பண்ணாது. நூலைச் சுருட்டி வைத்துவிட்டுத் தொழப் போய்விட்டார்.

2.2.86
பட்டறையில் வாப்பாவின் தொழுகைப் பாய் இரண்டு விரல் வடக்கே திரும்பியிருக்கிறது. பம்பாய்க்கும் நூல் பிடித்துப் பார்த்திருக்கிறார், கள்ளர்!

தலை நிமிராமலே சொன்னார்: “இந்த உருண்டைய நீ பள்ளிக்கூடத்துல திருப்பிக் குடுக்கணும்லா? மே மாசம் வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லி ஹனீபுக்கு எழுது.”