குளிர்காய ஒரு குசினி

என் அன்பு மாமி,

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மூக்கு அப்படியே உங்களுடையது. பிடிவாதமும் உங்களுடையதுதான் என்று உங்கள் மகள் வசந்தி சொல்கிறாள்.

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த முதல் மாரி இது. மழை விட்டபாடில்லை. வாவிக் காற்று வீட்டுக்குள் தாராளமாக வந்து போகிறது. மகளுக்குச் சீதனமாக நீங்கள் கட்டிய கல்வீடு அல்லவா? உங்கள் ஊர் குருக்கள்மடத்து வெயிலுக்குப் பயந்து உயரமான கூரை, சுவருக்குச் சுவர் காற்று வர ஓட்டை வைத்த பூக்கல், சீமெந்துத் தரை. சித்திரையில் சொர்க்கம்தான். மார்கழியில் தரையில் கால் வைக்க முடியாது. கரடியனாற்று மண்வீட்டில் பிறந்த எனக்கு இந்தக் குளிர் இன்னும் பழகவில்லை.

பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, அவளது உள்ளங்கால் சில்லிட்டிருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அறையின் பூக்கல் ஓட்டைகளையெல்லாம் உரப்பையால் அடைத்து, சட்டியில் சிரட்டைக்கரித் தணல் வைத்தேன். நல்லவேளையாக, பிள்ளையைப் பார்க்க மருத்துவமாது வந்தார்.

“மூடின அறைக்குள்ள தணல் வெச்சா தாய்க்கும் பிள்ளைக்கும் மூச்சு முட்டும். உங்களுக்கென்ன விசரா தம்பி?” என்று சட்டியை அவரே வெளியே தூக்கி வைத்தார்.

வசந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். கல்வீடு கட்டியபோது நீங்கள் இடிக்கவிடாத பழைய மண்குசினிக்கு. தாழ்ந்த கூரை, தடித்த மண்சுவர், புகை போக மேலே புகைக்கூடு. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் கால் சூடேறிவிட்டது.

“அம்மா மாரி முழுக்க இஞ்சதானே இருந்தவ,” என்றாள் வசந்தி. “அவவுக்குக் குளிர் தாங்காது.”

நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? மருமகன் முன்னிலையில் மாமி கதிரையில் உட்காரக்கூடாது என்ற மரியாதைக்காகத்தான் குசினிக்குள் ஒதுங்குகிறீர்கள் என்று. “முன்னுக்கு வந்து இருங்க மாமி” என்று எத்தனை தரம் கேட்டேன். நீங்களும் “குளிருதெண்டா இஞ்சால வாங்க தம்பி” என்று கூப்பிட்டீர்கள்தான். மருமகன் போய்க் குசினியில் குந்துவதா என்று நான் விறாந்தையில் போர்வையோடு நடுங்கினேன். மரியாதை பார்த்தது நான் மட்டும்தான். நாம் பேசியிருக்க வேண்டிய கதையெல்லாம் எங்கே போனது, மாமி?

இப்போது எங்கள் குடித்தனமே குசினியில்தான். அடுப்புக்குப் பக்கத்தில், நீங்கள் குந்தியிருந்த பலகையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். முதுகுக்கு இதமாக இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் தேத்தண்ணி ஊற்றித் தந்திருப்பீர்கள்.

கல்வீடு இனி உங்கள் பேத்திக்கு. ஒருநாள் அவளுக்கும் ஒருவன் வருவான். அவனும் மரியாதைக்காக விறாந்தையில் இருந்து நடுங்குவான். அந்த முதல் மாரியிலேயே அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, உங்கள் பலகையில் இருத்துவேன். அவன் வெட்கப்பட்டாலும் விடமாட்டேன்.

அடுப்படியிலிருந்து,
கூப்பிட்டபோது வராத
உங்கள் மருமகன்