தண்ணீரை இரண்டு படி இறக்கச் சொன்னவள்

தென்னூர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஹஃப்ஸாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் சுகம், சூரிக் நகரத்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து என்னை முடிக்கவே விடமாட்டாய், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், திங்கட்கிழமை மீட்டிங்குக்கு முன்னால் படித்துவிடு.

போன வாரம் நீ அழுதுகொண்டே சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் அணையைச் சின்னதாகக் கட்டி, பக்கத்து மலை சரிகிற மாதிரி கல்லைக் கொட்டிப் பார்த்ததில் அலை அணையைத் தாண்டி விழுந்தது, நீர்மட்டத்தை இறக்கி வைக்க வேண்டும் என்கிறாய். உன் மேலதிகாரியோ அணை நிறைந்து நின்றாலும் ஆபத்தில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார், போடாவிட்டால் வேலையும் போகும் விசாவும் போகும் என்றாய். தண்ணி கூடினா மதகு வழியா போயிடுமே, எதுக்கும்மா வம்பு, போட்டுடு என்றார் அத்தா. வெள்ளம் மெதுவா ஏறும் அத்தா, மதகைத் திறக்க நேரம் இருக்கும், மலை சரிஞ்சா அலை ஒரே நிமிஷத்துல வந்துடும் என்றாய் நீ. அவர் கேட்கவில்லை, நானும் அவர் பக்கம்தான் நின்றேன்.

இன்று ஜும்ஆத் தொழுகைக்குப் போன உன் அத்தா தொப்பலாக நனைந்து வந்து நின்றார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்கிற ஹவுள் தொட்டி ஓரத்துப் பழைய சுவரை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஜும்ஆ என்றால் நம் ஆட்களுக்கு ஹவுளில் தண்ணீர் விளிம்பு தட்ட நின்றாக வேண்டும், நிரப்பச் சொன்னதே கமிட்டியில் இருக்கிற உன் அத்தாதான். தொழுகைக்காக வேலையை நிறுத்தியிருந்த நேரம், மிச்சம் நின்ற சுவர் தானாகத் தண்ணீருக்குள் சரிந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த எல்லோரும் தலையோடு நனைந்து, எதிர்வீட்டு நஸ்ருல்லா மாமா மல்லாக்க விழுந்தாராம், நல்லவேளை யாருக்கும் அடியில்லை. ஹவுளுக்கும் உபரித் தண்ணீர் போக ஒரு குழாய் இருக்கிறது, அதில் அடைப்பும் இல்லை, அது தன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்ததாம்.

ஈரக் கைலியோடு உட்கார்ந்தவர், புள்ள இதைத்தானே சொன்னுச்சு, நான் காதுல வாங்கலையே என்றார். அஸர் தொழுகைக்குப் போய், சுவர் வேலை முடிகிற வரை இப்படித்தான் என்று தண்ணீரை இரண்டு படி இறக்கச் சொல்லிவிட்டார். குனிந்து எட்ட வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தவர்களிடம், என் மக சொன்ன கணக்குங்க இது என்றாராம். இதை மாமா வந்து சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நனைந்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது, நீ மலை சரியும் முன்பே பார்த்துவிட்டாய். உன்னைப் பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

கையெழுத்துப் போடாதே ஹஃப்ஸா. அந்த அணைக்குக் கீழே குடியிருக்கிறவர்களுக்கு உன் பெயர்கூடத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும், அவர்கள் நன்றாகத் தூங்கினால் போதும். அல்லாஹ் உன் நாவுக்கு உறுதியைத் தருவான். திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு போகாதே, கழுத்துக்கு மஃப்ளர் சுற்றிக்கொள்.

துஆவுடன்,
உன் அம்மா கமருன்னிசா

போடச் சொன்னது என் தப்பும்மா. வேலை போனால் யோசிக்காதே, திருச்சிக்கு டிக்கெட் நான் எடுக்கிறேன்.
அத்தா