பூண்டு போடாத ஜாடி

மாவய்யகாரு,

ஆபீசுக்குக் கிளம்புகிறேன். பருப்புப் பப்பும் சோறும் மேஜையில் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை ஆவக்காய் போட்டபோது, அத்தய்யா வருஷா வருஷம் போடும் பழக்கத்தில், பிந்துவுக்கென்று பூண்டு இல்லாமல் ஒரு ஜாடி தனியாகப் போட்டுவிட்டார். "செத்துப்போன பொண்ணுக்கு எதுக்குடி ஊறுகாய்?" என்று கேட்டீர்கள். அதிலிருந்து அவர் உங்களோடு பேசவில்லை. நீங்கள் ரிட்டயர் ஆனபின் பகல் முழுக்க வீட்டில் இருப்பது நீங்கள் இருவர்தான்.

இன்று மூன்றாம் நாள், ஊறுகாயைக் கிளற வேண்டும். அந்த ஜாடியை அத்தய்யா தொடமாட்டார். நீங்களே கிளறிவிடுங்கள். ஈரக் கரண்டி வேண்டாம், பூசணம் பிடிக்கும்.

உங்கள் மாப்பிள்ளை கிரீட்டி

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், "மாப்பிள்ளை பூண்டை விட்டுட்டானாம், அந்த ஜாடி அவனுக்கு வேணுமாம்" என்று அத்தய்யாவிடம் சொல்லுங்கள்.