எக்ஸ்பி மேல் போட்ட பழி

ஒக்டோபர் 2, வியாழன்
விஜயதசமி. பூசையில் வைத்த கமராவையும் ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்து, நல்ல நேரம் பார்த்து ஸ்டூடியோவைத் திறந்தோம். நல்ல நேரம் அதோடு முடிந்தது. ராஜினியின் கலியாண வீடியோ முழுக்க அந்தப் புது டிஸ்க்கில்தான். இவருடைய கிழட்டு விண்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டரில் செருகினால் ஒன்றும் வரவில்லை. பிள்ளை பத்தொன்பதாம் திகதி கனடாவுக்குப் போகிறாள்.

புதுசு வாங்குங்கோ என்று தொண்டை கிழியக் கத்தினேனே, கேட்டாரா?

ஒக்டோபர் 3
முன்னால் செருகினார், பின்னால் செருகினார், நிறுத்தி மறுபடி போட்டார். பென்டிரைவ் வருகிறது. டிஸ்க் இல்லை.

"பென் வருதெல்லோ ஜெகதீ, அப்ப எக்ஸ்பியில பிழையில்லை."

"கிழவனுக்குச் சின்னனைத்தான் விழுங்கேலும்" என்றேன். முறைத்தார்.

ஒக்டோபர் 4
ராஜினியின் தாய் தங்கம்மா அக்கா ஒட்டுசுட்டான் சந்தைக்கு வந்த கையோடு எட்டிப் பார்த்தா. "எங்கட மனிசன் பிள்ளையைக் கட்டிப்பிடிச்சு அழுதது வாழ்க்கையில ஒருக்காத்தான். அது வீடியோவில விழுந்ததோ ஜெகதி?"

"ஓம் அக்கா, வடிவா விழுந்தது."

விழுந்ததுதான். ஆனால் எங்கே? கமரா கார்ட்டை அடுத்த சாமத்தியவீட்டுச் சடங்குக்காக அழித்துவிட்டோம். வேறு பிரதி இல்லை. 

ஒக்டோபர் 5
எக்ஸ்பியைத் திட்டினேன். இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஒக்டோபர் 6
இவர் சாமத்தியவீட்டுக்குப் போக, நான் டிஸ்க்கோடு முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினேன். கார்ட்டிலிருந்து இந்த டிஸ்க்குக்கு வீடியோவை ஏற்றித் தந்தது அங்கே கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் நவ்பர்தான்.

"உங்கட பெட்டி பழசு எண்டு தெரிஞ்சு, எக்ஸ்பிக்கு விளங்கிற மாதிரித்தான் ஃபோமற் பண்ணித் தந்தனான் அக்கா" என்றார். தன் புது லப்டொப்பில் செருகினார். அதிலும் இல்லை! கதிரையில் இருந்துவிட்டேன்.

டிஸ்க்கில் வயர் செருகும் சின்னத் துளைக்குள் டோர்ச் அடித்தார். ஊசியால் மெல்லச் சுரண்டினார். மூக்கருகில் கொண்டுபோனார்.

"அக்கா... இது சந்தனமெல்லோ?"

ஐயோ. பூசையில் பொட்டு வைத்தது நான். கமராவுக்கு உச்சியில் வைத்தேன், கொம்பியூட்டருக்கு நெற்றியில் வைத்தேன். இந்தத் தட்டைச் சாமானுக்கு எது முகம்? அந்தத் துளைதான் வாய் மாதிரி இருந்தது, அப்பிவிட்டேன்!

சுரண்டித் துடைத்த பிறகு எல்லாம் வந்தது. ராஜினியின் தகப்பன் ராஜரத்தினம் அண்ணை அழுவதும் வந்தது. கடைக்குள் நின்று நானும் அழுதேன். உடனே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுப்பித்தேன்.

"இவரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ தம்பி."

"சீச்சீ" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஒக்டோபர் 7
எக்ஸ்பி செருகின உடனே காட்டியது. வயர் இறுகவில்லையாம் என்று இவரிடம் சொன்னேன். "பாத்தியா?" என்று அதன் தலையைத் தடவினார். நான் குசினிக்குப் போய்விட்டேன்.

ஒக்டோபர் 18, சனி
தங்கம்மா அக்கா வீட்டில் ரீவியில் போட்டுப் பார்த்தோம். தான் அழும் இடம் வந்ததும் ராஜரத்தினம் அண்ணை, "உந்தத் துண்டை வெட்டேலாதோ?" என்றார். "வெட்டினா உங்களைத்தான் வெட்டுவன்" என்றா அக்கா. ராஜினி அதையே திரும்பத் திரும்பப் போட்டாள்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் இவர் கேட்டார்: "நீயும் எத்தினை நாளாச் சொல்லுறாய். புதுக் கொம்பியூட்டர் ஒண்டு எடுப்பமே?"

"என்னத்துக்கு? உது காணும்" என்றேன்.

 முன்னால் இவருடைய முதுகு சிரிப்பில் குலுங்கியது. நவ்பர் சொல்லிவிட்டாரோ?