கடைசிச் சொல்லுக்கு மூச்சு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நீங்கள் இருவரும் அங்கே நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், கேட்கத்தான் வாய் வரவில்லை. என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழை வந்தால் ஆஜர். மூன்று வருஷமாக நீ போன் செய்யும்போதெல்லாம் எழுந்து தையல் மிஷின் பக்கம் போய்விடுவேனே, அதே மனுஷன்தான் இன்று தானாகப் பேனா எடுத்திருக்கிறேன்.

கேட்டால் சிரிப்பாய், உன் அப்பன் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறேன். நம் தெருக்கோடியில் இருக்கும் நாடகக் குழுவுக்கு உடை தைக்கத்தான் போனேன். ராஜாவாக நடிக்க இருந்த சலூன்காரர் மாடிப்படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். அளவு எடுக்கும்போதெல்லாம் அவர் வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒரு நாள் அவர் மறந்த வரியை எடுத்துக் கொடுத்திருந்தேன், அதை ஞாபகம் வைத்து என்னையே ராஜாவாகப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். எல்லாம் பழைய செய்யுள் நடை. மனப்பாடம் வேறு, பேசுவது வேறு என்று அப்புறம்தானே தெரிந்தது. நாற்பது வருஷமாகக் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசிப் பழகிய வாய், திறக்கவே மாட்டேன் என்கிறது. சரி என்று சத்தம் போட்டால், ராஜா என்ன ஏலமா விடுறாரு என்று மந்திரியாக வரும் எலக்ட்ரீஷியன் கேட்கிறார்.

பழைய தமிழைப் பேச வைப்பதற்கென்றே அங்கே ஒரு பெண் வருகிறாள், உன் வயசுதான் இருக்கும், டீச்சர் என்று கூப்பிடுவோம். யாரையும் ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். ஒவ்வொரு வரியையும் முதலில் வீட்டுப் பேச்சில் எதிரில் நிற்பவரிடம் சொல்ல வேண்டும், அவர் புரிந்து தலையாட்டினால்தான் செய்யுளுக்குப் போகலாம். நம்ம தமிழ்ல விஷயமே கடைசியிலதான் வருது, நீங்க எல்லாரும் எடுத்தவுடனே கர்ஜிச்சுட்டு முடிக்கும்போது முனகுறீங்க, கடைசிச் சொல்லுக்கு மூச்சை மிச்சம் வையுங்க என்றாள். வெட்டும்போதே தையலுக்குத் துணி விடுவதில்லையா, அது மாதிரி என்று எனக்குப் பிடிபட்டது. வரிக்கு வரி வியர்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனே இப்போது வெளுத்து வாங்குகிறார்.

நான்தான் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டேன். கோபத்தில் மகளை நாட்டை விட்டே அனுப்பிவிட்ட ராஜா, அவளைத் திரும்ப அழைக்கும் கட்டம். ஏகென உரைத்த நாவால் இறைஞ்சினேன் மகளே வருக என்று வரி. போ என்று சொன்ன அதே நாக்கால் கெஞ்சுகிறேன், வா என்று அர்த்தம். மகளே வரைக்கும் வந்துவிடுகிறது, கடைசிச் சொல் மட்டும் தொண்டையிலேயே நிற்கிறது. மூச்சு இருக்கிறது, சொல்தான் வரவில்லை. ஒரு நாள் அப்படித் திணறிக்கொண்டிருந்தபோது மகளாக நடிக்கும் தபால் ஆபீஸ் பெண்ணின் தோளில் தையல் பிரிந்திருப்பது கண்ணில் பட்டது. என்னை அறியாமல் அங்கிக்குள் கையை விட்டுக் குண்டூசியை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டேன், தலையில் கிரீடத்தோடு! எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சனிக்கிழமை நாடகம், வியாழனுக்குள் சரியாகாவிட்டால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுகிறேன் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

நேற்று வியாழன். டீச்சர் என்னை ஜன்னலோரம் கூட்டிப்போய், செய்யுளை விடுங்க ஐயா, உங்க வீட்டுல எப்படிச் சொல்வீங்களோ அப்படியே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க என்றாள். அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நீ பெட்டியோடு வாசலில் நின்றதும், உனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டதற்காக, போறதுன்னா போ, திரும்பி வராதே என்று நான் கத்தியதும் அப்படியே கண்முன் வந்துவிட்டது. வாம்மா, அப்பா புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன் என்றேன். அப்புறம் செய்யுள் தானாக வந்தது, கடைசிச் சொல் வரைக்கும் கணீரென்று. கட்டம் இருக்கட்டும் என்றார் டைரக்டர். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடித்தே காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, சொல்ல வேண்டியவகிட்ட சொல்லாம யாரோ பெத்த பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்து நிக்கிறீங்களே என்றாள். நறுக்கென்று தைத்தது. விடிந்ததும் முதல் வேலையாகப் பேனாவை எடுத்தேன்.

அம்மாடி, நாடகத்துக்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே, அது நாளைச் சனிக்கிழமையோடு முடிந்துவிடும். அன்று நான் பேசியது தப்பு. பெற்ற மகளைப் பார்த்துச் சொல்லவே கூடாத வார்த்தை. இத்தனை நாள் வீம்பு பிடித்தது அதைவிடப் பெரிய தப்பு. உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது, வாம்மா. லீவு கிடைக்காவிட்டால் சொல், நாங்கள் கிளம்பி வருகிறோம். நீ வருவதாக இருந்தால் தனியாக வராதே.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நூறு வயசு இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் போடும்போது மறக்காமல் மாப்பிள்ளையின் தோள் அகலம், கை நீளம், மார்புச் சுற்று, கழுத்துச் சுற்று நான்கையும் எழுது. அவரை நேராக நிற்கச் சொல்லி, டேப் தொய்யாமல் நீயே அளந்து எடு. துணி எடுத்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா