வீட்டில் பேசும் மொழி

அன்புள்ள உனக்கு,

நம் மகள் மூரினுக்கு ஐரிஷ் வழிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் பேசும் மொழி ஐரிஷ் என்று விண்ணப்பத்தில் எழுதினாயே, அதற்குத்தான் முன்னுரிமை. உனக்குத் தெரிந்த ஒரே ஐரிஷ் வாக்கியம், கழிப்பறைக்குப் போகலாமா என்று டீச்சரிடம் கேட்பது.

என்னோடு சலவையகத்தில் வேலை செய்யும் நோரின், இன்னும் ஐரிஷ் பேசும் கானமாராப் பக்கத்துக்காரி. மகளைக் கொஞ்சுவதும் திட்டுவதும் ஐரிஷில்தான். அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, நகராட்சி தரும் ஹோட்டல் அறைகளில் மாறி மாறி இருக்கிறார்கள். பள்ளியின் கடிதம் பழைய முகவரிக்குப் போய், பதில் தர வேண்டிய கெடு தாண்டிவிட்டது.

"உங்க வீட்ல யாருடி ஐரிஷ் பேசுறது, நாயா?" என்று, விஷயத்தைச் சொன்னதும் நோரின் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"எல்லாரும்தான் எழுதுறாங்க. அங்க நல்ல வீட்டுப் பிள்ளைங்களா வரும்" என்று லண்டனிலிருந்து போனில் சொன்னாய். அதுவரை மொழிப்பற்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய்.

மூரினுக்கு நோரினையே சொல்லித்தரச் சொல் என்றாய். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"அனுப்பிவைடி. எம்பொண்ணுகூட விளையாடினாலே ஒட்டிக்கும்" என்றாள்.

அவள் என்னை அறைந்திருந்தால், இடத்தை வைத்துக்கொண்டிருப்பேன். நாளை தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். அந்த இடம் நோரின் மகளுக்குப் போகுமா தெரியாது. மூரின் தெருமுனைப் பள்ளிக்குப் போவாள். அங்கே நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தான் வரும்.

இப்படிக்கு,
உன் மனைவி