ஒற்றை நூலில் கட்டிய ராக்கெட் பை

நேற்று பையின் வார் பிய்ந்துபோய் மாற்றக் கொடுத்திருந்தேன். கடைக்காரன் புது நைலான் வாரின் முனை பிரியாமலிருக்கத் தீக்குச்சியால் கருக்கினான். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் மேசையைப் பிடித்துக்கொண்டேன். "சேச்சிக்கு என்ன ஆச்சு?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். செத்துப்போன சிநேகிதி ஞாபகம் வந்துவிட்டது என்று அவனிடம் சொல்லவா முடியும்?

மட்டாஞ்சேரியில் படகுப் பாயும் தார்ப்பாயும் தைக்கிற ஷெட்டில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து மெஷின். பத்து வருஷத்துக்கு முன்பு, எழுபதுகளின் கடைசி. அடுத்த கட்டடம் மிளகுக் கிடங்கு, தும்மிக்கொண்டேதான் தைப்போம். வேலை குறைந்து, ஷெட்டை மூடிவிடுவார்களோ என்றிருந்த சமயத்தில் தெற்கே கடற்கரையில் ராக்கெட் விடுகிறவர்கள் ஆள் அனுப்பினார்கள். ராக்கெட்டின் தலைப்பகுதி பாராசூட்டில் இறங்கிக் கடலில் விழ வேண்டும். படகில் போய் எடுத்துவந்து அதையே மறுபடி மேலே அனுப்ப வேண்டும். அந்த நைலான் பாராசூட்டை, ஓரங்களைத் தீயில் கருக்கிக் கருக்கி, நாம் தைக்க வேண்டும். "ஒரு தடவை விட்டுட்டுத் தூரப் போட இது என்ன தீபாவளி வாணமாடி?" என்று நீ எல்லோருக்கும் விளக்கினாய், என்னவோ ராக்கெட்டையே நீ செய்த மாதிரி.

சோதனை ஜெயித்தால் தைக்கிறவர்களைப் பெர்மனென்ட் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். உன் புருஷன் துபாய்க்குப் போய்க் கடிதமே நின்றுபோயிருந்தது. "பெர்மனென்ட் மட்டும் ஆகட்டும், எம் பொண்ணைக் காலேஜ் வரைக்கும் படிக்க வச்சிருவேன்" என்பாய். வேறு பேச்சே கிடையாது உனக்கு.

தைத்து முடித்த பாராசூட்டை மடித்துப் பைக்குள் வைத்து, பை வாயை ஒற்றை நூலால் கட்ட வேண்டும். அந்தக் கட்டு உன் பொறுப்பு. "இந்த நூல் அறுந்தாதான் குடை விரியும் சேச்சி. இறுக்கிக் கெட்ட வேண்டாம்" என்று ராக்கெட் ஆட்களோடு வந்த மலையாளி இன்ஜினியர் படித்துப் படித்துச் சொன்னார். நீயும் தலையாட்டினாய். கை கேட்க வேண்டாமா? நம் ஷெட்டில் எதைத் தைத்தாலும் கடைசியில் மூன்று குத்து திரும்பக் குத்தி, இரட்டை நூலில் முடிச்சுப் போட்டால்தான் எழுந்திருக்கலாம். நடுக்கடலில் பாய் பிரிந்தால் படகு போச்சு. பிரியாமலிருக்கவே தைத்த கை உன்னுடையது. ஒற்றை நூலை அது நம்பவில்லை. இரட்டையாக்கிக் கட்டிவிட்டாய்.

குடை விரியவில்லை. தலைப்பகுதி கல் மாதிரி கடலில் விழுந்து சிதறியதாம். மிதந்ததைப் பொறுக்கியதில் பையும் கிடைத்தது, கட்டின கட்டோடு. இன்ஜினியர் அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "ஆரு கெட்டியது?" என்றார்.

நீ எழுந்து நின்றாய். "நான்தான் சாரே. வழியிலே அவுந்துறக் கூடாதேன்னு..."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் முதலாளி உன்னை வர வேண்டாம் என்றார். நான் போய்ச் சண்டை போட்டேன், அழுதேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அடுத்த சோதனைக்கு உன் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். இந்த முறை எல்லாம் சரியாக நடந்து, ஷெட்டில் லட்டு கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். அதற்குள் நீ செம்மீன் ஷெட்டில் இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தாய். விரலெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது.

"திரும்பி வந்துச்சா?" என்றாய்.

"வந்துச்சு."

"யாரு கட்டினா?"

"நான்தான்."

"ஒத்தை நூலா? கை நடுங்கலையாடி?"

"நடுங்குச்சு."

"நம்மால ஆகாதும்மா" என்று லட்டைப் பிட்டுப் பெரிய பாதியை என் வாயில் வைத்தாய்.

நான் பெர்மனென்ட் ஆனேன். நாலு வருஷம் கழித்து, அடைமழையில், ஒரு காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் பெண் எட்டாம் வகுப்போடு நின்று நீ போன அதே செம்மீன் ஷெட்டுக்குப் போகிறாள். என் பெண் காலேஜுக்குப் போகிறாள். உன்னுடையவள் அவளைப் பார்த்தால், "நல்லா படிடீ" என்கிறாள், அசல் உன் குரலில். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. வெடித்த விரல்களோடு அவள் எனக்குச் சாயா நீட்டும்போது, அதை வாங்க என் கை முந்தானையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது.